மழையில் கலங்கிய வீட்டு நீச்சல் குளம்: வெள்ளத்தைத் திறந்துவிடாமலே தெளியவைப்பது

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் மேட்டு நிலத்தில் வீடு. அதோடு 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் நீச்சல் குளம். ஆழம் ஒரு முனையில் 1.2 மீட்டர், மறுமுனையில் 1.6. கிணற்று வெள்ளத்தால் (நம் பக்கம் தண்ணீரைத்தான் வெள்ளம் என்போம்) நிரப்பியது. இரண்டு நாள் விடாமழைக்குப் பிறகு கலங்கிவிட்டது. 2 கிலோ ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றியதும் கலங்கல் போவதற்குப் பதில் மோர் போல வெளுத்தது. பிறகு டிசிசிஏ (மெல்லக் கரையும் குளோரின்) மாத்திரையை மிதக்கவிட்டு ஒரு வாரம் ஆகியும் அப்படியே கிடக்கிறது. மொத்தத்தையும் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்பட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். மழைக்காலத்தில் நம் பக்கம் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். குளத்துக்குள் வெள்ளத்தின் பாரம் இல்லாவிட்டால் வெளியே மண்ணிலிருக்கும் நீர் தளத்தைக் கீழிருந்து தள்ளும். ஃபைபர் தொட்டி என்றால் முழுசாகவே மேலே எழும்பிவிடும். கான்கிரீட் என்றால் தளம் வெடிக்கும், டைல்ஸ் பெயரும். அது போக, திரும்ப நிரப்பப் போவதும் அதே கிணற்று வெள்ளம்தான். மழைக்காலத்தில் அந்தக் கிணறே கலங்கித்தான் கிடக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. ஆழமான முனையின் அடியில் இருக்கும் மெயின் டிரெயின் (நீரை உறிஞ்சும் அடிவாய்) மூடியின் ஓட்டைகள், கரையில் நின்று பார்த்தாலே தெளிவாகத் தெரியும்வரை யாரையும் குளத்தில் இறக்காதீர்கள். கலங்கிய குளத்தில் ஒரு குழந்தை அடியில் கிடந்தால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. கிருமியை விட இதுதான் பெரிய ஆபத்து. குளத்துக்குப் போகிற வழியைப் பூட்டி வையுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். குளோரின் கிருமியையும் பாசியையும் கொல்லும், வெள்ளத்தைத் தெளியவைக்காது. செத்த பாசி, கரையாத சுண்ணாம்பு, செம்மண் துகள் எல்லாம் ஃபில்டரில் பிடிபட வேண்டும், இல்லையென்றால் அடியில் படிந்து வெளியே உறிஞ்சப்பட வேண்டும். சுண்ணாம்பை மட்டும் ஆசிட்டால் கரைக்கலாம்; மற்றவை தெளிவதற்கு வேறு வழி கிடையாது. எனவே மிதப்பது என்ன என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் குளத்தில் செம்மண் கலங்கலுக்கு மேல் சுண்ணாம்புக் கலங்கலும் சேர்ந்திருக்கிறது என்றுதான் நீங்கள் சொன்ன வரிசையை வைத்துப் பார்த்தால் படுகிறது.

ப்ளீச்சிங் பவுடரில் குளோரின் ஏறக்குறைய 30 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு சுண்ணாம்பு, அதில் ஒரு பகுதி கரையவே கரையாது. கிணற்றில் போடும்போது அது அடியில் போய் உட்கார்ந்துவிடும், யாரும் கவனிப்பதில்லை. குளத்தில் பம்ப் ஓடிக்கொண்டே இருப்பதால் உட்கார விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கூடவே பிஎச்சையும் (வெள்ளத்தின் புளிப்பு-காரத் தன்மையின் அளவு) ஏற்றிவிடும். பிஎச் ஏறினால் வெள்ளத்தில் கரைந்திருக்கும் கால்சியமும் வெள்ளைப் பொடியாகப் பிரியத் தொடங்கும். ப்ளீச்சிங் பவுடரைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை என்றால், ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, மூன்று நான்கு மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அடிக்கசடு குளத்துக்குள் போகக் கூடாது. வீட்டுக் குளத்துக்கு 10 சதவீதத் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்டே நல்லது. வெயிலிலும் சூட்டிலும் அது சீக்கிரம் வீரியம் இழக்கும் என்பதால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கண்ணாடித் தம்ளர் போதும். முழங்கை ஆழத்திலிருந்து ஒரு தம்ளர் வெள்ளம் எடுத்து உற்றுப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழி, அழுக்கே அல்ல. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம். ஸ்ட்ரெய்னர் (பம்புக்கு முன்னால் குப்பை பிடிக்கும் கூடை) மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும், அல்லது நீர்மட்டம் ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் திறப்பு) வாயின் பாதிக்குக் கீழே போயிருக்கும். வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். தேங்காயெண்ணெய் தடவ வேண்டாம்.

தெளியவில்லை என்றால் அதே தம்ளரில் நாலைந்து சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுக் கலக்குங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் சுண்ணாம்பு. பாதி தெளிந்து பாதி மங்கலாகவே நின்றால் சுண்ணாம்போடு களிமண்ணும் இருக்கிறது. இன்னொரு பாட்டிலில் வெள்ளம் பிடித்து ஒரு நாள் அசைக்காமல் வைத்தால், அடியில் சிவப்பாகப் படிவது மண். பச்சையாகப் படிவது பாசி. ஒரு நாளாகியும் எதுவுமே படியவில்லை என்றால் அது மிக நுண்ணிய களிமண். அதற்குப் படிகாரம் (சீனாக்காரம்) தான் வழி.

பாசி உயிரோடு இருக்கிறதா என்று அறிய இன்னொரு சோதனை. இருட்டிய பின் குளோரின் அளவைப் பாருங்கள். மறுநாள் விடியும் முன் திரும்பப் பாருங்கள். இரவில் வெயில் இல்லை, ஆள் இல்லை. அப்படியும் 1 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) மேல் குறைந்திருந்தால் உள்ளே ஏதோ அதைத் தின்கிறது. இதற்கு, குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி சோதனைப் பெட்டி வாங்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓடிஓ சொட்டு, வேலை செய்யும் குளோரினையும் அழுக்கோடு கட்டுண்டு கிடக்கும் குளோரினையும் பிரித்துக் காட்டாது. டிபிடியிலும் ஒரு பொறி உண்டு: குளோரின் மிக அதிகமாக இருந்தால் வர வேண்டிய இளஞ்சிவப்பு வெளுத்துப்போய், குளோரினே இல்லாதது போலக் காட்டும். அப்போது ஒரு பங்கு குளத்து நீரோடு நான்கு பங்கு நல்ல வெள்ளம் சேர்த்துச் சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்.

கணக்கு: 8 × 4 × 1.4 (சராசரி ஆழம்) = 44.8 கன மீட்டர். 45,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் அளவுகள் எல்லாம் இதற்குத்தான். மருந்தில் பெரும்பாலான தவறுகள் குளத்தின் கொள்ளளவைக் கண்மதிப்பில் சொல்வதால் வருபவை.

முதல் வேலை சுண்ணாம்பு. இலக்கு பிஎச் 7.2. கடையில் கிடைக்கும் சுமார் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் ஒரு தடவைக்கு 400 மில்லிக்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் முக்கால் வெள்ளம் வைத்து அதில் ஆசிட்டை ஊற்றுங்கள். ஆசிட்டின் மேல் வெள்ளத்தை ஊற்றாதீர்கள். பம்ப் ஓடும்போது, நீர் உள்ளே வரும் குழாய் வாய்களுக்கு எதிரே சிறிது சிறிதாக விடுங்கள். நான்கு மணி நேரம் கழித்து பிஎச் பாருங்கள், தேவைப்பட்டால் மறுபடி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காற்று முதுகில் படும்படி நில்லுங்கள்.

இதற்கு அடுத்ததுதான் நம் மாவட்டத்தில் பலர் தவறவிடும் இடம். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் மேட்டுக் கிணறுகளில் ஊறுவது பொதுவாக மெல்லிய வெள்ளம், சற்றே புளிப்பும் இருக்கும். சோப்பு நன்றாக நுரைக்கும், குடிக்க இனிக்கும். குளத்துக்கு அதுவே குறை. அதில் ஆல்கலினிட்டி, அதாவது பிஎச்சை நிலையாகத் தாங்கிப் பிடிக்கும் சக்தி, குறைவு. மழை வெள்ளம் சேர்ந்ததும் இன்னும் இறங்கும். ஆல்கலினிட்டி 80 முதல் 120 பிபிஎம் வரை இருக்க வேண்டிய இடத்தில் 20, 30 என்று நின்றால், கொஞ்சம் ஆசிட் போட்டாலே பிஎச் பாதாளத்துக்குப் போகும், கொஞ்சம் சோடா போட்டால் உச்சிக்கு ஏறும். அதைவிட முக்கியம், படிகாரம் வேலை செய்யாது. படிகாரம் பஞ்சு போலத் திரள்வதற்கு ஆல்கலினிட்டியைச் செலவழிக்கிறது: 1 பிபிஎம் படிகாரத்துக்கு ஏறக்குறைய அரை பிபிஎம். செலவழிக்க அது இல்லாவிட்டால் திரளாமல் கரைந்தே கிடக்கும், பிஎச்சும் விழும். ‘சீனாக்காரம் போட்டும் தெளியவில்லை’ என்று சொல்லும் பல குளங்களில் குறை இங்கேதான். அகஸ்தீஸ்வரம் பக்கத்துக் கடலோர போர்வெல் நீருக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே உப்பும் கடினத்தன்மையும்தான் தலைவலி.

ஏற்றுவது எளிது: ஆப்பச் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். 45,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற 750 கிராம் வேண்டும். சோதனையில் 30 காட்டினால் 80-க்குக் கொண்டுபோக 3.75 கிலோ. பாதி இன்று, பாதி நாளை. வாளியில் கரைத்து விளிம்பு முழுக்கச் சுற்றி ஊற்றுங்கள். பலசரக்குக் கடைப் பொட்டலம் கட்டுப்படியாகாது, மூட்டைக் கணக்கில் கேளுங்கள். துணி துவைக்கும் சோடாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பிஎச்சைத் தடாலென ஏற்றிக் குளத்தைத் திரும்ப வெளுக்க வைக்கும். வரிசையும் முக்கியம். சுண்ணாம்பு மிதக்கும்போதே ஆப்பச் சோடாவைப் போட்டால் இரண்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் பிரியும், கலங்கல் இன்னும் கெட்டிப்படும். ஆசிட்டால் பிஎச் 7.2-க்கு வந்த பிறகே சோடா.

மூன்றாவது ஃபில்டர். சாண்ட் ஃபில்டரின் தலையிலிருக்கும் அழுத்தமானி, சுத்தமாகக் கழுவிய உடனே என்ன காட்டுகிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடினால் பேக்வாஷ், அதாவது நீரை மணல் வழியே எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது. பார்வைக் கண்ணாடியில் தெளிந்த நீர் வரும்வரை, பொதுவாக 2 முதல் 3 நிமிடம்; பிறகு அரை நிமிடம் ரின்ஸ். ஃபில்டரில் நீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் பம்பை நிறுத்தியிருக்க வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் நட்சத்திர ரப்பர் பிய்ந்து, அழுக்கு நீர் மணலைத் தொடாமலே குளத்துக்குத் திரும்பும். கலங்குகிறதே என்று நாளுக்கு நாலு தடவை பேக்வாஷ் செய்வதும் தப்பு. கொஞ்சம் அழுக்குப் பிடித்த மணல்தான் நுண்ணிய துகளை நன்றாகப் பிடிக்கும்.

மணல் 5 முதல் 7 வருடத்தில் மாற்ற வேண்டியது. உள்ளே 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் அளவில் சலித்த சிலிக்கா மணல் இருக்க வேண்டும். ஆற்று மணலோ கடற்கரை மணலோ போட்டிருந்தால் எந்த மருந்தாலும் பயனில்லை. மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் அந்த வழி தேங்காயெண்ணெய் போயிருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் உள்ள நம் வீடுகளில் இது சாதாரணம். எண்ணெய் மணலை ஒட்டவைக்கும், வெள்ளம் இடையில் துளை போட்டுக்கொண்டு வடிகட்டப்படாமலே ஓடும். ஃபில்டர் கழுவும் எண்ணெய் நீக்கி ஒன்றை இரவு ஊறவிட்டுப் பேக்வாஷ் செய்யலாம். மிக இறுகியிருந்தால் மணலை மாற்றிவிடுங்கள். இறங்கும் முன் சோப்புப் போட்டு ஒரு குளியல் என்பதை வீட்டு விதியாக்குங்கள்.

பம்ப் எத்தனை நேரம் ஓட வேண்டும்? 45 கன மீட்டரை 6 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்ற மணிக்கு 7.5 கன மீட்டர் ஓட வேண்டும். 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபில்டருக்கு அது பொருத்தமான ஓட்டம். ‘ஒரு சுற்று ஓடியாயிற்று, ஏன் தெளியவில்லை’ என்று சோர்ந்துவிடாதீர்கள். வடிகட்டிய நீர் திரும்பி வந்து கலங்கிய நீரோடுதான் கலக்கிறது. ஆகவே ஒரு சுற்றில் 63 சதவீத நீர்தான் ஃபில்டர் வழி போயிருக்கும். இரண்டில் 86, மூன்றில் 95, நான்கில் 98. தெளியும்வரை இரவும் பகலும் ஓடட்டும். பெரிய பம்ப் போட்டு வேகத்தைக் கூட்டினால் நுண்ணிய துகள் மணல் வழியே நழுவிவிடும்.

இரவுச் சோதனையில் குளோரின் குறைந்திருந்தால் மட்டும் அதிகக் குளோரின் போடுங்கள். எவ்வளவு என்பது சயனூரிக் ஆசிட்டைப் பொறுத்தது. டிசிசிஏ மாத்திரை கரையும்போது குளோரினோடு இதையும் விட்டுச் செல்லும்: 200 கிராம் மாத்திரை ஒன்று உங்கள் குளத்தில் 4 பிபிஎம் குளோரினும் சுமார் 2.4 பிபிஎம் சயனூரிக்கும் சேர்க்கும். வெயிலில் குளோரின் சிதையாமல் காக்க 30 முதல் 50 வரை நல்லது. 100 தாண்டினால் குளோரின் இருந்தும் மந்தமாகக் கிடக்கும்; கொஞ்சம் வெள்ளத்தை வெளியேற்றிப் புது வெள்ளம் சேர்ப்பதே வழி. பாசிக்கு, சயனூரிக் அளவில் 40 சதவீதம் குளோரின் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 30 இருந்தால் 12 பிபிஎம். 10 சதவீதத் திரவத்தில் 5.4 லிட்டர். பொழுது சாய்ந்த பிறகு ஊற்றுங்கள், சுவரைத் தேய்த்துவிடுங்கள், இரவில் குறைவது நிற்கும்வரை அந்த அளவைத் தாங்கிப் பிடியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, மூன்று நாள் பம்ப் ஓடியும் மெயின் டிரெயின் மூடியின் ஓட்டைகள் தெரியவில்லை என்றால் படிகாரம். செம்மண்ணின் நுண்துகள்கள் ஒரே மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். படிகாரத்தின் அலுமினியம் அந்தத் தள்ளலைப் போக்கித் திரள வைக்கும். அளவை ஊகிக்காதீர்கள். 10 கிராம் படிகாரத்தை 1 லிட்டர் நல்ல நீரில் கரையுங்கள். அதில் 1 மில்லி என்பது 10 மில்லிகிராம். ஐந்து ஒரு லிட்டர் பாட்டிலில் குளத்து நீர் பிடித்து 1, 2, 3, 4, 5 மில்லி என்று விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கி, பத்து நிமிடம் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் புரட்டி, ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்தவற்றுள் மிகக் குறைந்த அளவே உங்கள் அளவு. மூன்றாவது தெளிந்தால் லிட்டருக்கு 30 மில்லிகிராம், 45,000 லிட்டருக்கு 1.35 கிலோ. பிஎச் 7.0 முதல் 7.4-க்குள் இருக்கட்டும். தேத்தாங்கொட்டை (குடிநீரைத் தெளியவைக்க உரசும் விதை) ஒரு குடத்துக்குச் சரி, குளத்துக்குக் கட்டாது.

சாயங்காலம் நீர்மட்டத்தை விளிம்புவரை ஏற்றிக்கொள்ளுங்கள், காலையில் பல ஆயிரம் லிட்டர் போகும். மல்டிபோர்ட்டை ரீசர்குலேட்டில் (நீர் மணல் வழியே போகாமல் சுற்றும் நிலை) வையுங்கள். ஃபில்டரில் வைத்தால் படிகாரச் சகதி மணலை அடைத்துவிடும். கரைத்த படிகாரத்தைச் சுற்றி ஊற்றி, அரை மணி நேரம் ஓடவிட்டு பம்பை நிறுத்துங்கள். 12 மணி நேரம் குளத்தில் எதுவும் அசையக் கூடாது. காலையில் அடியில் பஞ்சு விரித்தது போலக் கிடக்கும், மேலே கண்ணாடி. வால்வை வேஸ்டுக்கு (உறிஞ்சும் நீரை வெளியே விடும் நிலை) திருப்பி, வேக்குவம் தலையை நத்தை வேகத்தில் நகர்த்துங்கள். பிரஷ் போடக் கூடாது. சகதி எழும்பினால் நிறுத்திவிடுங்கள். நாலு மணி நேரத்தில் திரும்பப் படியும். வேஸ்ட் வழி இல்லாத கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் என்றால், குளத்தை விடத் தாழ்ந்த இடம் தோட்டத்தில் இருந்தால் நீண்ட ஹோஸ் போட்டு சைஃபன் முறையில் இழுக்கலாம். வெளியே விடும் வெள்ளம் தோட்டத்து மண்ணில் ஊறட்டும். பக்கத்து வயலுக்கோ குளத்துக்கோ போக வேண்டாம், அதிலிருக்கும் குளோரின் மீனைக் கொல்லும்.

முடிந்ததும் ஆல்கலினிட்டியைத் திரும்பப் பாருங்கள். 30 பிபிஎம் படிகாரம் ஏறக்குறைய 15-ஐத் தின்றிருக்கும், 1.1 கிலோ ஆப்பச் சோடாவால் ஈடு செய்யலாம்.

ரப்பருக்கு மருந்தடிக்க வாங்கிய துரிசு (காப்பர் சல்பேட்) வீட்டில் இருக்கிறதே, பாசிக்கு அதைப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. போடாதீர்கள். செம்பு வெளியேறாது, பிஎச் ஏறும்போது பிரிந்து வெள்ளத்தை மங்கலாக்கும், சுவரில் கறையாகும், முடியைப் பச்சையாக்கும்.

ப்ளீச்சிங் பவுடரையும் டிசிசிஏவையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது, ஒரே கரண்டியால் எடுக்கவும் கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கும். எந்தக் குளோரின் பொருளோடும் ஆசிட் சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும். பிள்ளைகள் எட்டாத, ஈரம் படாத இரண்டு தனி இடங்கள் வேண்டும்.

கிணற்று வெள்ளம் சேர்க்கும் முன் ஒரு வெள்ளை வாளியில் 20 லிட்டர் பிடித்து, ஒரு கரண்டி திரவக் குளோரின் விட்டு இரவு வையுங்கள். கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு மாறினால் இரும்பு இருக்கிறது. அப்படியென்றால் மேல்தொட்டியில் குளோரின் சேர்த்து, ஒரு நாள் படியவிட்டு, தெளிந்ததை மட்டும் குளத்துக்கு விடுங்கள்.

அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை மண்வெட்டியில் இருக்கிறது. குளத்தின் விளிம்பு சுற்றுத் தரையை விட 10 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி அரை அடி ஜல்லி நிரப்பினால் சரிவிலிருந்து வரும் செம்மண் வெள்ளம் சுற்றிக்கொண்டு போய்விடும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை ரப்பர் இலை கொட்டும் காலத்தில் ஸ்கிம்மர் கூடையைத் தினமும் காலி செய்யுங்கள். பெருமழை விட்ட அன்றே வலைபோட்டு அள்ளி, பிஎச்சும் ஆல்கலினிட்டியும் பார்த்து, இருட்டியதும் குளோரினை 3 பிபிஎம்முக்கு ஏற்றி, இரவு முழுக்க பம்பை ஓடவிடுங்கள்.